கீழே இருந்தவன் சொல்லாதது

கிரேன் கேபினில் உட்கார்ந்தால் ஊரே தெரியும். தூக்குகிற சாமான் போய் இறங்குகிற இடம் மட்டும் பாதி நேரம் தெரியாது. கட்டடத்தின் மறுபக்கம், லிஃப்ட் குழி, இரண்டு சுவர்களுக்கு நடுவிலுள்ள சந்து, இங்கெல்லாம் கண் எட்டாது. கீழே நிற்கிறவன் வாக்கி டாக்கியில் சொல்வான்: வலது, இன்னும் வலது, நிறுத்து, இறக்கு, மெதுவா இறக்கு. மேலே இருப்பவரின் கை அதைக் கேட்டு நகரும். நடுவில் யோசிக்கக் கூடாது. யோசித்தால் சாமான் ஊஞ்சலாடும்.

சைட்டில் அவரை உச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளத்துக்கு ஒரு பெயர் இருந்தது, அது சம்பளத்தோடு சரி. ஒல்லி உடம்பு, நீளக் கால். ஏணியில் மூச்சு வாங்காமல் ஏறுவார். ஏறியபின் அதிகம் பேச மாட்டார். கீழே நின்றவனுக்கு ரேடியோ என்று பெயர். கையிலிருந்த கருவியால் வந்த பெயரில்லை, வாயால் வந்தது. தூங்கும்போதுதான் அந்த வாய்க்கு ஓய்வு, அதுவும் சந்தேகம் என்பார் உச்சி.

"அண்ணே, மேல காத்து எப்படி?"

"நல்லா வருது."

"கொஞ்சம் கீழ அனுப்புங்க. இங்க வெந்து சாகறோம்."

"ஹூக்குல கட்டி இறக்கவா?"

"இறக்குங்க. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன்."

ஒரு சைட் முடிந்தால் அடுத்த சைட்டுக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். வேறு கம்பெனிக்காரன் வந்து உச்சியை அழைத்தால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "கீழ யாரு?" ரேடியோ இல்லையென்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. அவன் "இறக்கு" என்றால் அங்கே இடம் காலியாக இருக்கிறது என்று பொருள். யார் தலையும் அங்கே இல்லை என்று பொருள். இத்தனை வருடத்தில் அது ஒருமுறைகூடப் பொய்க்கவில்லை.

உச்சியின் ஒரே மகள் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை செய்தாள். அப்பன் கட்டடத்துக்கு வெளியே தூக்கறான், மகள் உள்ளே தூக்கறா, குடும்பமே மத்தவன் பாரத்தைச் சுமக்குது என்று ரேடியோ கேலி பண்ணுவான். அவள் அவனைச் சித்தப்பா என்று கூப்பிட்டாள். அவள் முதன்முதலாகப் பிடித்த ஸ்குரூ டிரைவர் அவன் வாங்கிக் கொடுத்தது.

உச்சியின் மனைவி மழைக்காலத்தில் போனாள். இரத்தத்தில் வந்த நோய். சீக்கிரமே முடிந்துவிட்டது. காரியமெல்லாம் ஆனபின் உச்சி வேலைக்குத் திரும்பினார். வேலையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இரும்புக் கம்பிக் கட்டு பூப்போல இறங்கியது. ஆனால் வேலை முடிந்து எல்லோரும் கை கால் கழுவும் நேரத்தில் அவர் மட்டும் இறங்கவில்லை. மேலேயே உட்கார்ந்திருந்தார். மகள் வேலை முடிந்து வர இரவாகும். அதுவரை வீட்டில் கதவைத் திறக்கிற ஆள் இல்லை. சாப்பாடு மண் மாதிரி இருந்தது. மேலே இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ரேடியோவுக்கு உயரம் என்றால் குலை நடுங்கும். நாற்காலியில் ஏறி பல்பு மாற்றக்கூடப் பெண்டாட்டியைத்தான் கூப்பிடுவான். அவன் ஒரு மாலை ஏணியில் ஏறினான். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, சாமி பெயரெல்லாம் சொல்லிக்கொண்டு, கேபின் வாசலுக்கு வந்து கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அண்ணே, இறங்குங்க."

"நீ போ. நான் வரேன்."

"நான் எங்க போறது? ஏறத்தான் தெரிஞ்சுது. எனக்கு இறங்கத் தெரியாது. நீங்க இறக்கி விட்டாத்தான் உண்டு."

மனைவி இறந்தபின் உச்சி சிரித்தது அப்போதுதான். அவனுக்கு ஒரு படி கீழே நின்று, அவன் கால் ஒவ்வொன்றையும் பிடித்துப் படியில் வைத்து, அவனை இறக்கினார். கீழே வந்ததும் ரேடியோ வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு லீவு போடுங்க. டாக்டர்கிட்ட போறோம்" என்றான்.

மனநல டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். ரேடியோ வெளியே காத்திருக்கவில்லை, கூடவே உள்ளே வந்தான். டாக்டரும் ஆட்சேபம் சொல்லவில்லை. உச்சி வாய் திறக்காத கேள்விகளுக்கு அவன்தான் பதில் சொன்னான். தூங்கறது இல்ல சார். சாப்பிடறது இல்ல. அப்படியே உக்காந்திருக்கார். படுக்கும்போது போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

திரும்பும் வழியில் ரேடியோ சொன்னான், "இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும். மனசுக்கு மாத்திரை சாப்பிடறவன்னு தெரிஞ்சா கம்பெனி சீட்டைக் கிழிச்சிடும். மேல ஏற விட மாட்டான். பாப்பாகிட்டகூட இப்போதைக்குச் சொல்லாதீங்க."

உச்சி தலையாட்டினார். அந்த சீட்டும் போனால் அவருக்கு வேறு என்ன மிச்சம்?

மாத்திரை வேலை செய்தது. மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. ஒரு நாள் காலையில் சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சொன்னார். மகள் திரும்பிப் பார்த்தாள். குறை சொல்லும் அளவுக்கு நாக்கு உயிர்த்திருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம். சைட்டில் மறுபடி ஹூக்கில் காற்று இறங்கியது, ரேடியோ கையெழுத்துப் போட்டு வாங்கினான்.

ஒன்று திறந்தபோது இன்னொன்று அடைத்துக்கொண்டது.

கேபினில் கழிப்பறை கிடையாது. ஒவ்வொரு முறையும் இறங்கி ஏறினால் கீழே கூட்டமே கைகட்டி நிற்கும். அதனால் டவர் கிரேன்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் உச்சியும் செய்தார். அகன்ற வாயுள்ள ஒரு பிளாஸ்டிக் கேன், இறுக்கமான மூடி, மாலையில் கையோடு கீழே. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல் தேய்ப்பதைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஒரு லோடுக்கும் அடுத்த லோடுக்கும் இடையில் முடிகிற காரியம் அது.

இப்போது முடியவில்லை. அவசரம் இருக்கும், அடிவயிறு கல்லாக இருக்கும், எழுந்து நின்றால் வராது. முக்கினால் சொட்டும். சொட்டியது போதும் என்று உட்கார்ந்தால் உடனே மறுபடி அவசரம். இதில் நாக்கு வேறு அட்டையாகக் காய்ந்தது. குடித்தால் நிரம்பும், குடிக்காவிட்டால் உதடு வெடிக்கும். வயசா, மாத்திரையா என்று அவருக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

கேபின் கூரை தாழ்வு. நேராக நிற்க முடியாது. தலையைச் சாய்த்து, இடது தோளைப் பக்கக் கண்ணாடியில் அழுத்தி முட்டுக்கொடுத்து, கேனைப் பிடித்தபடி காத்திருப்பார். காத்திருக்கும்போது பேசுவார். மேலே யார் கேட்கப் போகிறார்கள்? மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் அம்மா அவளை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓசை எழுப்புவாளே, அதே ஓசைதான்.

"ஸ்ஸ்ஸ்... வா ராசா. வா கண்ணு. யாரும் பாக்கல. நீயும் நானும்தான். ஸ்ஸ்ஸ்... அடம் பிடிக்காத. வயசா, மாத்திரையா, எதுன்னாவது சொல்லித் தொலை." சில சமயம் மனைவியைக் கூப்பிடுவார். "நீ சொல்லேன்டி. நீ சொன்னா அது கேக்கும்."

வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நிற்பார். தண்ணீர் விழும் சத்தத்துக்குச் சில சமயம் பலன் இருந்தது.

"அப்பா, குழாய் ரொம்ப நேரமா ஓடுது. டேங்க் காலியாயிடும்."

"மூடறேன், பாப்பா."

"வாஷர் போயிடுச்சா?"

"ஆமா, வாஷர்தான்," என்றார் உள்ளேயிருந்து. அவர் சொன்னதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை.

மறுநாள் அவள் வாஷரை மாற்றினாள். கழற்றிய பழைய வாஷரில் எந்தக் குறையும் இல்லை. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.

டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருந்த நாள் வந்தது. வழக்கம்போல ரேடியோவும் உள்ளே வந்தான். தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்டுவிட்டு டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டே, "மலம், சிறுநீர் எல்லாம் ஒழுங்கா போகுதா? ஏதாவது சிரமம்?" என்றார்.

உச்சிக்கு நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் ரேடியோ. அவனிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் இதை எப்படிச் சொல்வது? நாளைக்கு ஹூக்கில் கேலி கட்டி மேலே அனுப்புவான். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் தடுமாறிய அந்த இடைவெளியில் ரேடியோ முந்திக்கொண்டான்.

"எல்லாம் நல்லா இருக்கு சார். ஆளே மாறிட்டார்."

அவன் சொன்னது ஒரு விதத்தில் அவருக்கு வசதியாகவே இருந்தது. "ஆமாங்க" என்றார். டாக்டர் அதே மாத்திரையை எழுதினார்.

சைட்டைக் கூட்டிப் பெருக்குகிற அக்கா ஒருத்தி இருந்தாள். யாரையும் வம்புக்கு இழுக்கிறவள் இல்லை. ஒரு நாள் மதிய இடைவேளையில் உச்சி கைகழுவ வந்தபோது துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படி ஆச்சு. பெரிய டப்புல வெந்நீர் ஊத்தி உக்காந்தார்னா இளகும். செஞ்சு பாருங்க."

"எதுக்கு?"

"அதான்... ஒண்ணுக்கு வராததுக்கு."

உச்சி குழாயை மூடினார். "உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அதான் தினமும் கேக்குதே." அவள் குரல் இறங்கிப் போனது. அவருக்குத் தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "அண்ணே... வாக்கி டாக்கில கேக்கும். நீங்க பேசறது. ரேடியோ அண்ணன் சத்தத்தைக் கூட்டி வெப்பாரு, கம்பி கட்டற பசங்க எல்லாம் வந்து சுத்தி நின்னுப்பானுங்க. நான் திட்டுவேன், சத்தியமா. பாவம் மனுஷன், பொண்டாட்டியைக் கூப்பிடறார், இதுல என்னடா சிரிப்புன்னு."

அவர் இடது தோளைத் தொட்டுப் பார்த்தார். வாக்கி டாக்கி இடுப்பில் இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் மேலே வரும். வயர் நுனியில் சின்ன மைக், தோளில் குத்தியிருக்கும். இரண்டு கையும் கிரேன் பிடியில் இருப்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. பேசவேண்டுமானால் மைக்கின் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கியிருக்கும்வரை பேசுவது மட்டும்தான் நடக்கும், எதிர்ப்பக்கம் சொல்வது கேட்காது. நீண்ட நேரம் அமுங்கியிருந்தால் தானாகத் துண்டித்துக்கொள்ளும் வசதி அந்த மாடலில் இல்லை. முன்பெல்லாம் நொடியில் முடிகிற காரியம் என்பதால் தோளைக் கண்ணாடியில் சாய்க்க வேண்டியிருக்கவில்லை. மாத்திரைக்குப் பிறகுதான் சாய்ந்தார்.

மைக் திறந்து கிடந்தால் ஆபத்து. அவசரத்துக்கு நிறுத்து என்று கத்தினால்கூட மேலே கேட்காது. அதைக் கவனித்து, அடுத்த நிமிடம் "அண்ணே, மைக் திறந்திருக்கு" என்று சொல்வது கீழே இருப்பவனின் வேலை. முதல் வேலையே அதுதான்.

மதியத்துக்கு மேல் உச்சி ஏணி ஏறினார். ரேடியோ கையசைத்தான், அவர் பார்க்கவில்லை. கேபினில் மைக்கைத் தோளிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன அண்ணே, பேச்சே காணோம்?"

"சொல்லு. எங்க இறக்கணும்?"

கீழே எட்டிப் பார்த்தார். இடைவேளை விட்டுக் கொஞ்ச நேரத்தில் மஞ்சள் ஹெல்மெட்டுகள் சில வந்து ரேடியோவைச் சுற்றி நிற்பதை அவர் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறார். டீக்குக் கூடுகிறார்கள் என்று நினைத்திருந்தார். இன்றும் கூடின. காத்திருந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் கலைந்தன.

அன்று அவருக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை. மைக் அணைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தபிறகும் வாயிலிருந்து அந்த ஓசை எழவில்லை. நேரம் போகப் போக அடிவயிறு பானையாக உப்பியது. இருக்கையின் பெல்ட் பட்டாலே உயிர் போனது. கடைசி லோடை முடித்து ஹூக்கை மேலே இழுத்து நிறுத்தினார், ஒழுங்கைவிட்டு அப்போதும் அவர் பிசகவில்லை. "இறங்கறேன்" என்று மட்டும் சொன்னார். ஏணியில் ஒவ்வொரு படிக்கும் நின்று, நெற்றியைக் கம்பியில் வைத்து, வியர்வையில் வழுக்கும் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து இறங்கினார். தரைக்கு வந்ததும் மடிந்து உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே! அண்ணே, என்னாச்சு?" ரேடியோ ஓடி வந்து தோளைப் பிடித்தான்.

"கையை எடு."

ஆஸ்பத்திரியில் குழாய் செருகிச் சிறுநீரை எடுத்தார்கள். பை நிரம்ப நிரம்ப உச்சிக்குக் கண்ணில் நீர் வழிந்தது. வலி போன சுகத்தில் வருகிற அழுகை என்று நர்ஸ் நினைத்தாள். மகள் வேலை உடுப்போடு, கையில் கிரீஸ் கறையோடு வந்து நின்றாள். மாத்திரை விஷயம் அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகியது. திட்டவில்லை. "குழாய் வாஷர்" என்று மட்டும் சொன்னாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

மனநல டாக்டர் வார்டுக்கு வந்தார். அட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த ரக மாத்திரை சிலருக்கு இப்படிப் பண்ணும். சிறுநீர்ப்பையை இறுக விடாது. வாய் காயறதும் அதனாலதான். சொல்லியிருந்தா அன்னிக்கே வேற மாத்திரைக்கு மாத்தியிருப்பேனே. இவ்வளவு தூரம் வந்திருக்காது."

"முதல்லயே நீங்க எச்சரிச்சிருக்கலாமே" என்றாள் மகள்.

"எல்லாருக்கும் வர்றதில்லம்மா. சொன்னா பயந்துக்கிட்டு மாத்திரையே போடாம விட்டுடறாங்க." டாக்டர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "அதனாலதான் வரும்போது கேட்டேன். கூட வந்தவர் எல்லாம் நல்லா இருக்குன்னாரே."

உச்சி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். அந்த நாளை நினைவில் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார். டாக்டர் கேட்ட நாளில் கம்பி கட்டுகிறவர்கள் ஏற்கனவே கூட ஆரம்பித்திருந்தார்கள். மஞ்சள் ஹெல்மெட்டுகளை அதற்கு முந்திய வாரமே அவர் பார்த்திருந்தார்.

மாலையில் பார்வையாளர் நேரத்தில் ரேடியோ வந்தான். படுக்கையின் கால்மாட்டில் நின்றான். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பெருக்கற அக்கா சொல்லிச்சு. உங்களுக்குத் தெரிஞ்சு போச்சாமே."

"ம்."

"மொத நாளே சொல்லணும்னுதான் நினைச்சேன் அண்ணே. சத்தியமா. எப்படிச் சொல்றதுன்னு கூச்சமா இருந்துச்சு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். மறுநாள் பசங்க கேட்டுட்டானுங்க. அப்புறம் சொன்னா, ஏன்டா நேத்தே சொல்லலன்னு கேப்பீங்க. அப்படியே போயிடுச்சு."

"ம்."

"அதோட... உங்க குரல் கேட்டா எனக்கு நிம்மதி. மேல தனியா இருக்கீங்க. அண்ணி போன துக்கத்துல ஏதாவது பண்ணிக்குவீங்களோன்னு பயம். பேசிக்கிட்டு இருக்கார், அப்ப உயிரோட இருக்கார்னு கேட்டுக்கிட்டு இருப்பேன்."

அது உண்மையாகவும் இருக்கலாம். குலை நடுங்க ஏணி ஏறியவன் அவன். உச்சி அன்று முதல் முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீ கேட்டுக்கிட்டு இருந்திருக்கலாம். சத்தத்தை ஏன்டா கூட்டி வெச்ச?"

ரேடியோ கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"சரி, சிரிச்சீங்க. சைட்டுன்னா சிரிப்பாங்க. நானும்தான் எத்தனை பேரைப் பாத்துச் சிரிச்சிருக்கேன். அதை விடு. டாக்டர் கேட்டப்ப நீ என் பக்கத்துலதான இருந்த? நான் மேல நின்னு கெஞ்சினது உனக்குத் தெரியும். பொண்டாட்டியைக் கூப்பிட்டது தெரியும். தெரிஞ்சும் நல்லா இருக்குன்ன."

"சொன்னா எப்படித் தெரியும்னு கேப்பீங்களே அண்ணே..."

"கேட்டிருப்பேன். ரெண்டு அறை விட்டிருப்பேன். அன்னிக்கே மாத்திரையை மாத்தியிருப்பாங்க."

மகள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். "சித்தப்பா, நீங்க கிளம்புங்க" என்றாள்.

மாத்திரை மாறியது. பழையதைப் படிப்படியாகக் குறைத்து வேறொன்றைத் தொடங்கினார்கள். குழாயை எடுத்த அன்று உச்சி ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் நின்றார். கெஞ்சவில்லை, கொஞ்சவில்லை. தானாக வந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவுதான் விஷயம். ஒரு மாத்திரைக்குப் பதில் இன்னொரு மாத்திரை.

சைட் இன்ஜினியரிடம் அவரே போய் எல்லாவற்றையும் சொன்னார். மறைக்க இனி என்ன இருக்கிறது? கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் புது மாத்திரையின் பெயரைக் கேட்டார், தூக்கக் கலக்கம் உண்டா என்று கேட்டார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், கண்ணையும் காதையும் சோதித்தார். சில வாரம் பொறுத்து மறுபடி கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஏறலாம் என்று கையெழுத்துப் போட்டார். சீட்டை யாரும் கிழிக்கவில்லை. கிழிப்பார்கள் என்று சொன்னது ரேடியோதான், அதை அவர் விசாரிக்காமல் நம்பியிருந்தார். அவன் சொன்னால் விசாரிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

அவர் திரும்பியபோது ரேடியோ தானே கேட்டுக்கொண்டு வேறு சைட்டுக்குப் போயிருந்தான். அவனிடத்தில் ஒரு பெண் வந்திருந்தாள். பயிற்சி முடித்து வந்தவள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. காலையில் முதல் காரியமாக அவர் மைக்கைச் சோதித்துவிட்டு, "ஐயா, தோள்ல வேண்டாம், நெஞ்சுல குத்திக்குங்க. சாஞ்சா அமுங்காது" என்றாள். கேள்விப்பட்டிருக்கிறாள். அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

கண்ணில் படுகிற லோடெல்லாம் பழையபடி இறங்கியது. பிற்பகலில் லிஃப்ட் குழிக்குள் காங்கிரீட் பக்கெட் போக வேண்டும். உச்சி பக்கெட்டைக் குழிக்கு நேர் மேலே கொண்டுவந்து நிறுத்தினார். அதற்குக் கீழே அவருக்கு ஒன்றும் தெரியாது.

"இறக்குங்க ஐயா. இடம் காலி."

கை பிடியில் இருந்தது. நகரவில்லை.

"ஐயா, கேக்குதா? இறக்குங்க."

"காலியா?"

"காலி."

"யாரும் இல்லையே?"

"யாரும் இல்லைங்க. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

அவள் பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரிந்து தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று கீழே இருக்கிறது என்றே தோன்றியது. யாரோ சுற்றி நிற்கிறார்கள். எதற்கோ காத்திருக்கிறார்கள். அவர் மறுபடி கேட்டார், அவள் மறுபடி சொன்னாள். பக்கெட் காற்றில் லேசாகச் சுழன்றது. காங்கிரீட் இறுகிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் அவள் கையிலிருந்து வாக்கி டாக்கியை வாங்கிக் கத்தினார். கத்தல் கேட்டும் கை நகரவில்லை.

பக்கெட்டைத் திருப்பி, கண்ணுக்குத் தெரிகிற முற்றத்தில் வைத்துவிட்டு உச்சி இறங்கி வந்தார்.

"என்ன சார் ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லா இருக்கு. இந்தப் பொண்ணு மேலயும் குத்தம் இல்ல. சொன்னா கை கேக்க மாட்டேங்குது."

"காது டெஸ்ட் இப்பதானே பாஸ் பண்ணீங்க?"

"காதுல ஒண்ணுமில்ல" என்றார் உச்சி.

இன்னும் இரண்டு முறை முயன்று பார்த்தார். பிறகு டவர் கிரேன் வேலையை அவரே விட்டார். இரும்புக் கிடங்கு ஒன்றில் தரையில் உருளும் சின்ன கிரேன் கிடைத்தது. எடுக்கிற இடமும் வைக்கிற இடமும் கண் முன்னால். யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. கழிப்பறை எதிரிலேயே இருந்தது, நினைத்த நேரத்தில் போகலாம், தடையில்லாமல் வந்தது. மகளிடம் ஒருமுறை சொன்னார், "மேல இருந்தா மழை வர்றது முன்னாடியே தெரியும். இங்க நனைஞ்சாத்தான் தெரியுது." கடைசிவரை அங்கேதான் வேலை செய்தார். ரேடியோவின் பெயரை வீட்டில் எடுக்கவில்லை. திட்டுவதற்குக்கூட.

சில வருடம் கழித்து ஒரு காலையில், வேலைக்குப் புறப்படும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

செய்தி கேட்டு ரேடியோ வந்தான். முடி கொட்டி, தளர்ந்து போயிருந்தான். உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். மகள் வெளியே வந்தபோது கையைப் பிசைந்தான்.

"பாப்பா, என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"இல்ல."

"எப்பவாவது?"

"எதுவுமே சொல்லல சித்தப்பா."

சந்து குறுகலானது. பிண வண்டி பின்வாங்கித்தான் வரவேண்டும். டிரைவர் கண்ணாடியில் பார்த்தும் பிடிபடாமல் திணறினார். ரேடியோ யாரும் கேட்காமலே வண்டிக்குப் பின்னால் போய்க் கையை உயர்த்தினான். "வா... வா... வலது ஒடி... இன்னும் வா..." அந்தக் குரல் மட்டும் தளரவில்லை.

மகள் போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

"நீங்க தள்ளுங்க. எங்கப்பாவை ஏத்தற வண்டி. நான் சொல்லிக்கறேன்."

அவன் கையை இறக்கினான். சுவரோரமாக ஒதுங்கினான். அவள் டிரைவருக்குத் தன் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, கைகாட்டத் தொடங்கினாள்.